வாவிக்கரையில் ஒரு பிறமொழிப் பாடம்

மட்டக்களப்பு வாவி என்றதும் நேயர்களுக்குப் பாடுமீன்தான் நினைவுக்கு வரும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டவர்கள் உண்டு. கேளாமலே கேட்டதாகச் சொல்பவர்கள் அவர்களிலும் அதிகம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மீனின் குரலையன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வாவிக்கரையில் அரசர்களும் கப்பல் தலைவர்களும் மேலைத்தேய மொழி ஒன்றில் பேசிய பேச்சையும், அந்தப் பேச்சு எழுத்தானபோது நிகழ்ந்ததையும் பற்றியே இன்று சொல்லப் போகிறேன்.

நாவற்குடாவில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் இப்போது மொழி படிக்கிறார்கள். ஒருவன் கொரிய மொழிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறான். ஒருத்தி ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாள். எல்லாம் தொழிலை நோக்கியவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுக்காக மொழி கற்பது உலக வழக்கம். ஆனால் வணக்கம் சொல்லவும், விலை கேட்கவும், முதலாளியின் கட்டளையை விளங்கிக்கொள்ளவும் தெரிந்துவிட்டால் ஒரு மொழி நமக்கு வந்துவிட்டதா? இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழிலக்கணம் படிப்பிக்கும் எனக்கு இக்கேள்வி இருந்துகொண்டேயிருக்கிறது. விடையில் ஒரு பங்கு எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே உண்டு.

முதலில் காலத்தைச் சற்று நோக்குவோம். 1580ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப் போர்த்துக்கல்லின் முடியையும் தனதாக்கிக்கொண்டான். 1640 வரை, அறுபது ஆண்டுகள், இரு நாடுகளுக்கும் அரசன் ஒருவனே. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டியபோது, லிஸ்பன் நகருக்கும் அரசனாயிருந்தவன் மட்ரிட்டில் வீற்றிருந்த நான்காம் பிலிப். அந்த ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து 1568 முதல் கிளர்ந்தெழுந்தவர்கள் ஒல்லாந்தர். எதிரியின் எதிரியைத் தேடித்தான் அவர்கள் இலங்கைக் கரைக்கும் வந்தார்கள். தென்னமெரிக்காவின் பொத்தோசி மலையில் வெட்டிய வெள்ளி ஸ்பானிய நாணயமாகி, ஆசியத் துறைமுகங்கள்தோறும் செல்லுபடியான காலம் அது. உலகமயமாக்கல் என்ற சொல் 1990களில்தான் நமது பத்திரிகைகளில் பரவியது. சரக்கு சொல்லுக்கு மிகவும் மூத்தது.

1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்றான். அங்கே அவனை வரவேற்றவன் முதலாம் விமலதர்மசூரியன். இவ்வரசன் இளமையில் போர்த்துக்கேயரிடையே வாழ்ந்து, திருமுழுக்கும் பெற்று, தொன் ஜுவான் என்ற பெயரோடு இருந்தவன். ஸ்பானிய மன்னனின் தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரனும், 1571இல் லெபந்தோ கடற்போரில் வென்ற தளபதியுமான ஆஸ்திரியாவின் தொன் ஜுவானின் பெயர் அது. அதே போரில் ஒரு சாதாரண வீரனாக நின்று இடக்கையின் பயனை இழந்தவர்தான் ‘தொன் கிஹோத்தே’ என்ற நாவலை எழுதிய செர்வாந்தெஸ். கண்டி அரசனும் ஸ்பானிய இலக்கியத்தின் தலைமகனும் ஒரே தளபதியின் நிழலில் சந்திக்கிறார்கள் என்பது இலக்கிய அன்பர்களுக்கு இனிய செய்தியாக இருக்கும்.

அடுத்த ஆண்டு, 1603இல், நிலைமை கசந்தது. செபால்ட் டி வேர்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி பிடிபட்ட போர்த்துக்கேயரை விடுவித்துவிட்டான். அரசனுக்கு அது பிடிக்கவில்லை. மட்டக்களப்புக் கரையில் நடந்த சந்திப்பில் மதுவெறியில் இருந்த டி வேர்ட், அரசியைப் பற்றி அடாத வார்த்தை ஒன்றைச் சொன்னான். அந்த நாயைக் கட்டுமாறு அரசன் போர்த்துக்கேய மொழியில் கட்டளையிட்டதாகவும், தளபதி அங்கேயே வெட்டுண்டு இறந்ததாகவும் பின்னாளில் எழுதிய பல்தேயஸ் பாதிரியார் கூறுகிறார். அதன்பின் கப்பலில் எஞ்சியிருந்தோருக்கு அரசன் அனுப்பிய ஓலையும் அதே மொழியில்தான். குடிகாரனுக்கு நல்லது இல்லை, தெய்வம் நீதி செய்தது, சமாதானம் வேண்டுமானால் சமாதானம், போர் வேண்டுமானால் போர் என்பதே அதன் சாரம். மூல வரிகள் இலக்கண சுத்தமானவையல்ல. துறைமுகத்தில் வழங்கிய பேச்சு அது. ஆனாலும் எதிரிக்கு ஐயமின்றி விளங்கியிருக்கும். கோபத்துக்கும் மிரட்டலுக்கும் அவ்வளவு மொழி போதும்.

எவ்வளவு போதாது என்பதை 1638 காட்டிற்று.

அவ்வாண்டு மே மாதம் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் பீரங்கிகளும், கண்டியின் இரண்டாம் இராஜசிங்கனுடைய படையும் சேர்ந்து தாக்கியதில், பத்து வயதே ஆன புளியந்தீவுக் கோட்டை 18ஆம் தேதி பணிந்தது. ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் தேதி, மட்டக்களப்பிலேயே இருதரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. இராஜசிங்கனுக்குப் போர்த்துக்கேய மொழி புதிதன்று. அவனுடைய தாயார் தோனா கதரினா போர்த்துக்கேயரின் பராமரிப்பில் வளர்ந்தவர். ஒல்லாந்தருக்கு அவன் எழுதிய கடிதங்கள் போர்த்துக்கேய மொழியில் இன்றும் கிடைக்கின்றன. பகைவனின் மொழியைக் கொண்டே பகைவனை விரட்ட ஆள் தேடியவன் அவன். ஒல்லாந்தரும் தங்கள் எதிரியின் மொழியிலேயே ஆசியாவில் வியாபாரம் பேசவேண்டியிருந்தது. ஆக, இரண்டு தரப்புக்கும் சொந்தமல்லாத ஒரு மொழி நடுவில் நின்றது.

உடன்படிக்கையில் கறுவா வியாபாரம் ஒல்லாந்தருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. போர்ச்செலவை அரசன் கறுவா, மிளகு முதலிய பண்டங்களால் தீர்ப்பது என்றாயிற்று. சிக்கல் மூன்றாம் வாசகத்தில் இருந்தது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருக்கும் என்பது அதன் பொருள். அரசனிடம் இருந்த போர்த்துக்கேயப் பிரதியில், அரசன் விரும்பினால் மட்டுமே அவ்வாறு என்ற நிபந்தனை காணப்பட்டது. ஒல்லாந்தர் வைத்திருந்த வாசகத்தில் அந்தச் சிறு தொடர் இல்லை. ஒல்லாந்தர் ஆதிக்கத்தின் தொடக்கம் பற்றி 1958இல் விரிவான நூல் வெளியிட்ட கே. டபிள்யூ. குணவர்தன இவ்வேறுபாட்டை ஆராய்ந்திருக்கிறார். தமிழில் எழுதினால் இரண்டே சொற்கள். இலக்கணப்படி பார்த்தால் ஒரு பெயரும் ஒரு வினையெச்சமும்.

அந்த வினையெச்சத்தின் விலை என்ன? 1640இல் காலி விழுந்தது. ஒல்லாந்தர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அதைப் பிடித்த கொஸ்டர் என்ற தளபதி அரசனைக் கண்டு திரும்பும் வழியில் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டான். 1656இல் கொழும்புக் கோட்டை சரணடைந்தபோது, முற்றுகைக்கு உதவிய இராஜசிங்கனுக்கு நகர வாயில் திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் பழமொழியாகச் சொல்வது இதைத்தான். அந்த மிளகாயும் ஸ்பானியர் பிடித்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்பது பழமொழி சொல்லாத சேதி.

இராஜசிங்கனின் மொழியறிவு குறைந்தது என்று நான் கருதவில்லை. தன் பிரதியில் வேண்டிய நிபந்தனையைச் சரியாகவே எழுதுவித்திருக்கிறான். அவன் நம்பியது தன் கையிலிருந்த வாசகத்தை. வினை விளைந்ததோ மற்றவன் கையிலிருந்த வாசகத்தால். ஆகவே, ஒரு மொழியில் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்டால், மற்றவன் கையிலிருக்கும் பிரதியை வாசிக்கும் வரை என்று நான் சொல்வேன்.

கோட்டையை இழந்த போர்த்துக்கேயர் போனார்கள், மொழி போகவில்லை. ஒல்லாந்தர் வீடுகளில்கூட அது நிலைத்தது. மட்டக்களப்பில் பறங்கியர் என்று நாம் அழைக்கும் குடும்பங்கள் அதைத் தலைமுறைகளாகப் பேசி வந்தன. தச்சு வேலையிலும் இயந்திரம் திருத்துவதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பது ஊரறிந்தது. 1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் இங்கு அவர்களின் பேச்சை ஆராய்ந்தார். அவர் கண்டது வியப்பானது. சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் வினை தமிழைப் போல வாக்கிய ஈற்றில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. மேலைத்தேய உடலுக்குள் நம்முடைய எலும்புக்கூடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெதடிஸ்த மிசனரிமார் அம்மொழியில் வேதாகமப் பகுதிகளை அச்சிட்டதுண்டு. ஆயினும் அது பாடசாலை மொழியாகவோ நீதிமன்ற மொழியாகவோ பத்திரிகை மொழியாகவோ ஆகவில்லை. வீட்டுக்குள்ளும் கலியாணப் பாட்டிலும் தங்கிவிட்டது. எங்களூருக்கு அண்மையிலுள்ள டச்பார் கரையில் வாழ்ந்த பறங்கிக் குடும்பங்களை 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது, அம்மொழி பேசத் தெரிந்த மூத்தவர்களும் மாண்டார்கள்.

நமது வீட்டுக்குள்ளும் அம்மொழி இருக்கிறது. கதிரையும் மேசையும் சப்பாத்தும் துவாயும் விறாந்தையும் போர்த்துக்கேயம் தந்தவை. இவற்றுட் பலவற்றுக்கு ஸ்பானிய மொழியிலும் உடன்பிறப்பு உண்டு. காலையில் கடையில் வாங்கும் பாண் ஸ்பானியனுக்கும் பான்தான். ஸ்பானியம் படிக்கத் தொடங்கும் ஈழத்துத் தமிழனுக்குக் குசினியிலேயே அரைப்பாடம் முடிந்துவிடும்.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு சமய நூல் அச்சாயிற்று. தமிழ் உரோம எழுத்தில் அமைய, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயப் பொருளும் தரப்பட்டிருந்தது. அதை ஆக்கியவர்கள் லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள். திருமுழுக்குப் பெயர்கள் மட்டும் எஞ்ச, அவர்களுடைய தமிழ்ப் பெயர்கள் மறைந்துவிட்டன. அதற்குச் சற்று முன் முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிறீக்கு அடிகளார் தமிழ் பயின்று, தமக்குத் தெரிந்த இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டுத் தமிழிலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையதே. வினைத்திரிபில் அவர் பட்ட பாட்டை நினைக்கையில், என் மாணவர்களிடம் எனக்குப் பொறுமை கூடுகிறது.

இந்தப் பழைய ஏடுகளைத் தேடித் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் நம்மவர். ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், உரோமாபுரியில் பயின்றவர். ஸ்பானியம், போர்த்துக்கேயம் உட்படப் பல மொழிகளை அறிந்தவர். புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சானது. அதன் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் மலேசியாவில் மறுபதிப்பாக்கினார். அவருடைய பயண நூலின் பெயர் ‘ஒன்றே உலகம்’. மொழிகளைச் சுற்றுலாவுக்காக அவர் கற்கவில்லை. தமிழின் அலுவலை உலக நூலகங்களில் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குத் தேவையான அளவு ஆழத்துக்குப் போனார். 1980இல் அவர் மறைந்த பின் அந்த வகைப் படிப்பு நம்மிடையே அருகிவிட்டது என்பது என் கருத்து.

அவர் வழியில் இல்லாவிட்டாலும் அவர் மீதுள்ள ஆசையால், சில ஆண்டுகளாக நானும் ஸ்பானியத்தைத் தனியே படித்து வருகிறேன். ஆரம்பப் பாடநூல் ஹோட்டலில் அறை கேட்கவும், இறைச்சி வேகவில்லை என்று முறையிடவும் கற்றுத் தந்தது. நாவற்குடாவில் மரக்கறி உண்பவனுக்கு அதனால் என்ன பயன்? பாடநூல் முடிந்ததும் அந்நாட்டுச் செய்திகளை வாசிக்கத் தொடங்கினேன். கதவு திறந்தது அங்கேதான். காரணம் எளிது. செய்தியின் பொருள் எனக்கு முன்பே தெரியும். சொல் மட்டுமே புதிது. ரெமேசா என்றொரு சொல் அடிக்கடி வந்தது. வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம். எல் சல்வடோர் என்ற சிறு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்திலொரு பங்குக்கு மேலான தொகை இவ்வாறு வருகிறது. மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாயின் காசோடு வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கும்போது, அச்சொல்லுக்கு அகராதி எதற்கு? நிபந்தனையையும் ஐயத்தையும் விருப்பத்தையும் சொல்ல ஸ்பானியத்தில் தனி வினைவடிவங்கள் உண்டு. பாடநூலில் அவை முள்வேலி. விலையுயர்வு பற்றியும் தேர்தல் பற்றியும் வாசிக்கையில் அவை தாமாகவே விளங்கலாயின. அரசன் விரும்பினால் என்பது போன்ற தொடர்கள் வாழும் இடம் அதுவல்லவா!

அவ்வாசிப்பில் ஒரு சொல்லில் நான் நெடுநாள் நின்றேன். தெசாபரெசேர் என்பது ஸ்பானியத்தில் மறைந்துபோதல் என்ற பொருளுடைய வினை. தன்வினையாகவே வழங்கி வந்தது. நிலா மறையும், பேனா காணாமற்போகும். 1976இல் ஆர்ஜென்டீனாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்து கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. 1977 ஏப்ரல் 30ஆம் தேதி சில தாய்மார் புவெனஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் கூடினர். தலையில் வெள்ளைத் துணி கட்டி வாரந்தோறும் நடப்பது அவர்களது வழக்கமாயிற்று. அக்காலத்து இலத்தீன் அமெரிக்காவில் அந்த வினை பிறவினையாக வழங்கலாயிற்று: அவனை மறைத்தார்கள், அவள் மறைக்கப்பட்டாள். இலக்கணம் கடுமையாகப் பேசுவோர் முகம் சுளிக்கலாம். ஆட்சி மாறிய பின் அமைந்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஏர்னெஸ்தோ சாபாத்தோ என்ற நாவலாசிரியர். 1984இல் அக்குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 1988இல் ஹொண்டுராஸ் நாட்டு மாணவர் ஒருவரின் வழக்கில், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

மட்டக்களப்பாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990 செப்டம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. காணாமல் போனோர் என்றுதான் முதலில் எழுதினோம். பின்னர் காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எழுதலானோம். போதல் தன்வினை, ஆக்குதல் பிறவினை. ஸ்பானியத்தில் நடந்த அதே மாற்றம் தமிழிலும் நடந்திருக்கிறது. இதை உயர்தர வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். “சேர், செயப்பாட்டு வினையில் ஆல் உருபு வரவேணுமே, யாரால் எண்டது எங்க?” என்று கேட்டான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை இது பற்றிய சமவாயத்தை ஏற்றது. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழி வாசகங்களும் சமவலுவுடையவை என்று அதன் கடைசி உறுப்புரை சொல்கிறது. இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தி, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றியது. நமது நாட்டுச் சட்டங்களின் இறுதியில் வழக்கமாக ஒரு பிரிவு இருக்கும். சிங்கள, தமிழ் வாசகங்களிடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்பது அப்பிரிவு. மூன்றாம் வாசகத்தின் கதையை வகுப்பில் சொன்ன அன்று இதையும் வாசித்துக் காட்டினேன். அதன்பின் மாணவி ஒருத்தி சட்டத்தின் சிங்களப் பிரதியைத் தேடி எடுத்து, தமிழ்ப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்து, அகராதி துணையோடு வரிவரியாகப் பார்த்து வருகிறாள். போன வெள்ளிக்கிழமை விசாரித்தபோது ஏழாம் பிரிவில் நின்றாள்.